முதலில் திரும்பி வந்த சொல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுவது. எனக்கு ஒன்றும் குறைவில்லை, குளிர்தான் கொஞ்சம் படுத்துகிறது. அண்ணன் எப்படி இருக்கிறார்? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மூன்று வாரமாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன், யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதன்முதலாகக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரக்குக் கிடங்கில் நாள் முழுக்க எடையை மட்டுமே எழுதிப் பழகிய கை.

நல்ல செய்தி. மருத்துவமனை அண்ணனை அந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டது. நாலு மாதமாக நான் துரத்திய துரத்தலில் அவர்களுக்கு என் குரலே மனப்பாடம் ஆகியிருக்கும். வீட்டில் வைத்தே செய்கிற சிகிச்சை. தலையில் ஒரு பட்டையை மாட்டி, பேச்சுக்கான மூளைப் பகுதிக்கு மேலே மிக லேசாக மின்சாரம் விடுவார்கள். அதே நேரத்தில் பேச்சுப் பயிற்சியும் நடக்கும். பயிற்சி கொடுப்பவர் எங்கேயோ இருந்துகொண்டு திரை வழியாகப் பார்ப்பாராம். குடும்பத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தினசரி அறிக்கை எனக்கும் வரும். ஆனால் பக்கத்தில் இருந்து மாட்டிவிட வேண்டியது நீங்கள்தான்.

பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக நின்று மைக் இல்லாமலே எட்டு பஸ்ஸுக்குக் கேட்கும்படி பேசியவர், இப்போது ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அந்தக் குரல் திரும்ப வேண்டும் அண்ணி. ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள்.

உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


ஜனவரி 24

அன்புச் சிட்டுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி வரும் என்று உன் அம்மா சொல்வார்.

போனை எடுக்காததற்குக் கோபிக்காதே. மணி அடித்தாலே அவருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. யார் என்று கேட்க வாயைத் திறக்கிறார், சொல் வருவதில்லை. அந்தக் கோபம் சாமான்கள் மேல் திரும்புகிறது. கடிதமே எழுது. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

பெட்டி வந்து சேர்ந்தது. பட்டை, இரண்டு ஸ்பாஞ்சு, ஒரு சின்னத் திரை, உப்புத் தண்ணீர் பாட்டில்கள். ஸ்பாஞ்சை நனைத்துப் பட்டையில் செருகி மாட்டினால் உன் அண்ணன் ஓய்வுபெற்ற நீச்சல் வீரர் மாதிரி இருக்கிறார். சரியாக நாலு மணிக்குத் திரையில் ஒரு பெண் வருகிறாள். அவள் பெயரைச் சொன்னாள், எனக்கு மனதில் நிற்கவில்லை. ‘நாலு மணிப் பெண்’ என்று நானே வைத்துக்கொண்டேன். தினமும் ஒரு புது எண் சொல்வாள். அதை அழுத்தினால்தான் கருவி வேலை செய்யும், இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடும். எறும்பு ஊர்வது போல இருக்குமே தவிர வலி இல்லையாம். அந்த நேரத்தில் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறாள்.

கண்ணாடிக் கடையில் என் வேலையை மூன்று மணியோடு முடித்துக்கொள்ள முதலாளியம்மா ஒப்புக்கொண்டார். லென்ஸ் உரசும் மெஷினை விட்டு வீட்டு மெஷினுக்கு ஓடிவருகிறேன்.

மற்றபடி வீடு அமைதியாக இருக்கிறது. காலையில் ரேடியோ வைக்கிறேன். தெருப்பக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு அம்மாள் ஐம்பது வயதில் சைக்கிள் பழகுகிறார், விழுந்து விழுந்து எழுகிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. கடைக்குப் போகும்போது சில நாள் சுற்றுவழியில் நடந்தே போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீங்கள் இவ்வளவு பேசுவீர்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன், வலி இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு சின்ன விஷயம். பதினான்கு நாள் அறிக்கையைப் பார்த்தேன். ஐந்து நாள் ‘தொடர்பு போதவில்லை, பாதியில் நின்றது’ என்று இருக்கிறது. ஸ்பாஞ்சில் ஈரம் பத்தாவிட்டால் அப்படி ஆகுமாம். நன்றாக ஊறவிட்டு மாட்டுங்கள் அண்ணி. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். தூரத்தில் இருப்பவளுக்கு அறிக்கைதான் கண்.

பிரியத்துடன்,
சிட்டு


பிப்ரவரி 27

அன்புச் சிட்டுவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் பரவாயில்லை, அவருக்கு இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது.

ஸ்பாஞ்சு பற்றி எழுதியிருந்தாய். முடி அடர்த்தியாக இருப்பதால் என்று நினைத்தேன். இப்போது சரியாகிவிட்டது, அறிக்கையில் பார்த்திருப்பாய்.

உனக்குச் சந்தோஷமான செய்தி. ஒன்று முதல் பத்து வரை சொல்கிறார். கிழமைகள் சொல்கிறார், வியாழனில் மட்டும் நாக்கு மடங்குகிறது. நேற்று முன்தினம் முதன்முதலாக முழு வாக்கியம் வந்தது. நாலு மணிப் பெண் கதவு படத்தைக் காட்டினாள். ‘கதவு’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் படத்தைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

“கதவ சாத்து” என்றார்.

தெளிவாக, பழைய குரலில். அந்தப் பெண் கைதட்டினாள். “அக்கா, வாழ்க்கையில எத அதிகமா சொல்லியிருக்காங்களோ அதுதான் முதல்ல திரும்பி வரும். வீட்ல அடிக்கடி சொல்ற வார்த்தைதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நீ கேட்க ஆசைப்பட்ட குரல், அதனால் உடனே எழுதுகிறேன். பதில் போடு.

அண்ணி


மார்ச் 22

அன்புச் சிட்டுவுக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா? மூன்று வாரத்துக்கு மேலாகப் பதில் இல்லை. காய்ச்சல் கீய்ச்சல் என்று படுத்துவிட்டாயோ என்று கவலையாக இருக்கிறது.

அவருக்கு நல்ல முன்னேற்றம். ‘இங்க வா’, ‘யாரு’, ‘எங்க போன’, ‘ஏன் லேட்டு’. எல்லாம் சாதாரணமாக வீட்டில் பேசுகிற சொற்கள்தான். நாலு மணிப் பெண் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறாள். இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறார், வலது காலும் ஊன்றுகிறது.

தெருச் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஜன்னலை மூடிவிட்டேன். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் கடை முகவரிக்கு எழுது. தபால் வரும் நேரத்தில் நான் அங்கேதான் இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் ஒன்றும் இல்லை. வேலை அதிகம் என்று எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன். பொய்யை எடை போடப் போய்ப் பேனா நின்றுவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள். கதவு படத்தைப் பார்த்துச் சொன்னபோது அவன் குரல் எப்படி இருந்தது? உரக்கச் சொன்னானா, மெதுவாகவா? மெதுவாக என்றால் எனக்கு எல்லாம் புரிந்துவிடும்.

அவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் பார்த்தேன். இருக்கட்டும்.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பத்தொன்பது. வீட்டுக்குப் பெரிய மனிதன் ஆகிவிட்டான். நோட்டுப் புத்தகத்தில் ஒரு கறை, திருப்பி வைக்காத ஒரு டம்ளர், எது என்றாலும் முதலில் அந்த இரண்டு வார்த்தை. மெதுவாகத்தான் சொல்வான். நானே எழுந்து போய்ச் சாத்த வேண்டும், சாத்திவிட்டு அவன் முன்னால் வந்து நிற்க வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என்னைச் சாத்துவான் என்று எனக்கு நானே வேடிக்கை பேசிக்கொள்வேன். அம்மா துணி துவைக்கப் போய்விடுவார். எங்கள் வீட்டில் துணி எப்போதும் வெளுப்பாக இருக்கும்.

பதினெட்டு வயதில் வேலை கிடைத்ததும் ஓடி வந்துவிட்டேன். நீங்கள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஒரே ஒரு நாள் வந்து, சாப்பிட்டு, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆள் மாறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களே என்றுதான் இருபத்திரண்டு வருடம் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன்.

சிட்டு


ஏப்ரல் 28

அன்புச் சிட்டு,

மெதுவாகத்தான் சொன்னார்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முதலாளியம்மா அரைமணி கொடுத்திருக்கிறார். நீ கேட்டதற்கு ஆமாம் என்பதுதான் பதில். அடி குறைவு, கேள்விகள்தான் அதிகம். மூன்று மணிநேரம் நிற்க வைத்துக் கேட்பார். ‘தப்பு என் மேலதான்’ என்று சொல்லும்வரை கேட்பார். சொன்ன பிறகு, என்ன தப்பு என்று கேட்பார். தப்பை நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நீ என்னைவிடச் சின்னவள், பாவம், உன் அண்ணனை நினைத்து உருகுகிறாய், அதைக் கெடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்பாஞ்சு தானாகக் காயவில்லை. தொடர்பு சரியாக இருந்தால் திரையில் வரும் பச்சைக்கோடு வந்துவிட்டது என்று நாலு மணிப் பெண் சொன்ன பிறகு, பட்டையைச் சரிசெய்வது போலக் கையை வைத்து அழுத்திப் பிழிந்துவிடுவேன். உன் கடிதம் வந்த பிறகும் ஆறு நாள் அப்படிச் செய்தேன். அவருக்கு நோய் வந்த ஒன்பது மாதமும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதக் கூசுகிறது. காலையில் கண் விழிக்கும்போது வயிற்றில் கல் இல்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தாகம். கேட்க வார்த்தை இல்லை. என்னைக் கூப்பிடவும் வார்த்தை இல்லை. மேஜைமேல் ஸ்பாஞ்சு நனைக்கிற கிண்ணம் இருந்தது, அதை எடுத்துக் குடித்துவிட்டார். உப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவதற்கு எங்கெங்கேயோ தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்திராத ஒன்று.

தண்ணீர் கேட்கக்கூட வாய் இல்லாத ஒருவரிடம் என்னால் கணக்குத் தீர்க்க முடியவில்லை, சிட்டு. அன்றிலிருந்து ஸ்பாஞ்சைச் சரியாக நனைக்கிறேன். பத்து நாளில் அந்த வாக்கியம் வந்தது.

யாரிடமாவது சொல்லச் சொல்வாய். நோயாளியைப் பற்றிப் புகார் சொல்கிறவளை யார் நம்புவார்கள்? உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணி,

நீங்கள் பிழிந்ததற்காக நான் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். பிழியாமல் விட்டதற்காகவும் சொல்லமாட்டேன். இந்தக் கருவியை உங்கள் வீட்டுக்குள் அனுப்பியவள் நான்.

நேற்று மருத்துவமனைக்கு எழுதிவிட்டேன். குடும்பத்தின் சார்பில் கையெழுத்திட்டவள் என்ற முறையில், சிகிச்சையை நிறுத்திக் கருவியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காரணமாக ‘வீட்டுச் சூழல்’ என்று மட்டும் எழுதினேன். அடுத்த மாதம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சிட்டு


மே 21

சிட்டு,

அவசரமாக எழுதுகிறேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை, நல்லதுக்குத்தான் செய்தாய்.

திங்கட்கிழமை நாலு மணிப் பெண் நேராக அவரிடமே கேட்டுவிட்டாள். “சார், உங்க தங்கச்சி இத நிறுத்தச் சொல்லி எழுதியிருக்காங்க. இப்ப நீங்களே பேசுறீங்க, அதனால உங்க விருப்பத்ததான் கேக்கணும். தொடரலாமா?”

“தொடரலாம்” என்றார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதையும் குறித்துக்கொண்டாள். இனிமேல் உன் கையெழுத்து செல்லாதாம்.

திரை அணைந்த பிறகு என்னிடம் ‘ஏன்?’ என்றார். தெரியாது என்றேன். மறுநாள் காலையில் அதையே கேட்டார். இன்று நான் கடைக்குக் கிளம்பும்போதும் கேட்டார். கோபமே இல்லை. என் பையைத் திறந்து பார்த்திருக்கிறார், வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை. உன் கடிதங்கள் கடை அலமாரியில்தான் இருக்கின்றன, பயப்படாதே.

அண்ணி


ஜூன் 9

சிட்டுவுக்கு,

நலம். நீ நலமா.

நான் சொல்கிறேன், உன் அண்ணி எழுதுகிறாள். என் கை இன்னும் சரியில்லை. பேச்சு வந்துவிட்டது. உனக்கு நன்றி. நீதான் முயற்சி எடுத்தாய்.

பிறகு நிறுத்தச் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு உன் அண்ணி தெரியாது என்றாள். மூன்று வாரம் கேட்டேன். இப்போது தெரியும் என்கிறாள்.

கடை வேலையை விட்டுவிட்டாள். அங்கே எழுத வேண்டாம். அங்கே இருந்த கடிதங்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். தினம் ஒன்று வாசிக்கிறாள். நான் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்கிறேன். நல்ல பயிற்சி. வெளுப்பான துணி பற்றி எழுதியிருந்தாய். அந்த வரி கடினமாக இருந்தது. இப்போது சொல்ல வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூலை 20

அன்புச் சிட்டுவுக்கு,

முதலாளியம்மா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் உன்னை நேரில் பார்த்துத் தருவார். நீ எப்படி இருக்கிறாய்? மெலிந்துவிட்டாய் என்று சொன்னார். உண்மையா?

நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதலாளியம்மாவின் சித்தி மகள் கடையில்தான் வேலை, அதே லென்ஸ், அதே மெஷின். மாடியில் ஒரு அறை. முதல் வாரம் முழுக்கப் படியில் யார் ஏறினாலும் எழுந்து நின்றேன். இப்போது எழுந்து நிற்பதில்லை, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற அந்த நாளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். நாலு மணிக்குத் தலையில் பட்டை ஏறியது, அந்தப் பெண் எண்ணைச் சொன்னாள். நீ என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணி, இருபது நிமிஷம் நான் பாத்துக்கறேன். நீங்க கடைத்தெருவுக்குப் போய்ட்டு வாங்க” என்றாய். திரையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்திருக்க மாட்டார் என்று எப்படிக் கணித்தாய்? முழங்கால் வலி கூடத் தெரியவில்லை எனக்கு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினேன்.

ஒரு மாதத்தில் வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்றாய். மாதம் ஆகிவிட்டது. உன்னை அங்கே உட்கார வைத்துவிட்டு நான் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்போது வெளியே வருவாய்? அதை மட்டும் எழுது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணி,

உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, கோபிக்காதீர்கள், இதைப் படித்ததும் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், நான் மெலியவில்லை. என் மேல் அவன் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் புரியாமல் இருந்தது. மரியாதையாகப் பேசினான். என் வேலையைப் பற்றிக் கேட்டான். நீங்கள் எங்கே என்று ஒரே ஒரு தடவை கேட்டான், தெரியாது என்றேன், விட்டுவிட்டான். நான் ஏமாந்தேன். அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதையும் தள்ளிப்போட்டேன்.

பத்து நாளைக்கு முன் நாலு மணிப் பெண்ணிடம் அவனே ஒரு யோசனை சொன்னான். டிப்போவில் முப்பது வருடம் ஊர்ப் பெயர்களை அறிவித்த நாக்கு, அதையே பயிற்சிக்கு வைத்தால் சீக்கிரம் தேறும் என்றான். அவளுக்கு ஒரே சந்தோஷம். பழைய வழித்தடப் பட்டியலைப் பெட்டிக்கு அடியிலிருந்து என்னையே எடுக்கச் சொன்னான். தினமும் இருபது ஊர். ஒவ்வொரு ஊரையும் சொல்வான், சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கமாட்டான். என்னைப் பார்ப்பான்.

எனக்கு அது உறைக்கவில்லை அண்ணி. நாக்குக்குத்தான் பயிற்சி என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் ஊர் வந்தது. இருபது நிமிடம் முடிந்து கருவி நின்றிருந்தது, அவன் பட்டியலைத் தொடர, நான் பட்டையைக் கழற்றி அடுத்த நாளைக்கு ஸ்பாஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. ஒரு நொடிகூட இருக்காது. அவன் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொன்னான், மெதுவாக. பிறகு அந்தப் பெண்ணிடம், “இன்னைக்கு இது போதும்” என்றான். பட்டியலில் இன்னும் ஒன்பது ஊர் பாக்கி இருந்தது.

திரை அணைந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய் முதலில் உங்கள் கடைக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கு அவரு நல்லா பேசறது மட்டும்தான் தெரிஞ்சுது” என்றாள். மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னாள். சொல்வாள், நல்ல பெண்தான். ஆனால் அவர்கள் கூடி முடிவெடுக்கிற வேகம் எனக்குத் தெரியும், சேர்த்துக்கொள்ளவே நாலு மாதம் எடுத்தவர்கள்.

பேச்சு இல்லாதவரை அவன் எங்கேயும் போக முடியாது. ஊர் பெயர் சொல்லாதவனுக்கு யாரும் டிக்கெட் கொடுக்கமாட்டார்கள். இப்போது கொடுப்பார்கள். இன்று காலையில் நல்ல சட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, “பட்டன் போட்டு விடு” என்றான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். டிப்போவில் பழைய ஆட்களைப் பார்க்க என்றான். போய் ஒரு மணிநேரம் ஆகிறது. கதவை வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பின்பக்க ஜன்னல் வழியாக இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன், பக்கத்து வீட்டார் மூலம் கூப்பிட்டனுப்பியதில் முதலாளியம்மா வந்து கீழே நிற்கிறார். பூட்டை உடைக்க ஆள் கூட்டிவருகிறேன் என்கிறார். உங்கள் கடைப் போன் இன்றும் கிடைக்கவில்லையாம், அதனால் முதலில் நேராக உங்களிடம் போகச் சொல்லியிருக்கிறேன். என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறையைக் காலி செய்யுங்கள். துணி, பாத்திரம் ஒன்றும் வேண்டாம். அவன் பட்டியலில் இல்லாத ஊர் ஏதாவது உலகத்தில் இருக்கும், அங்கே போங்கள். எங்கே என்று முதலாளியம்மாவிடம் சொல்லாதீர்கள். எனக்கும் எழுதாதீர்கள் அண்ணி. எனக்குத் தெரியாத ஊரை அவன் என் முகத்தில் படிக்க முடியாது.

சிட்டு